எங்கள் பக்கம் பத்து இலை

செல்போன் விளையாட்டில் மட்டுமே தெரிந்த, முகம் பார்த்திராத, பெயர்கூடத் தெரியாத ஓர் ஆளுக்குத் தாம்பூலத் தட்டோடு பஸ் ஏறிப் போய்ப் பத்திரிகை வைத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் சொன்னால், அதுவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. (அறிவு வந்திருக்க வேண்டிய வயதுதான். வரவில்லை.) சங்கரன்கோவிலில் ஒரு சந்துக்குள் செல்போன் கவர், சார்ஜர், இயர்போன், திரைமேல் ஒட்டும் டெம்பர் கிளாஸ் எல்லாம் விற்று, சின்ன ரிப்பேரும் பார்க்கும் கடை வைத்திருந்தேன். இன்றும் அதே கடைதான். பத்தாவதோடு நின்றவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொன்னதுதான். யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன்.

நடந்த அடியை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரத்தைக் காட்டியபோது குருவிகுளத்துப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா சொன்னார்: "நான் எம்புட்டு நடந்தேன்னு எம் முட்டி சொல்லும் தம்பி. இது வேற எதுக்கு?" காதுக்குள் சொருகும் வெள்ளை இயர்போனைப் பார்த்துவிட்டு ஒருவர், "காதுல இப்படி வெள்ளையா வச்சுட்டுப் படுத்தம்னா எங்க ஊர்ல மாலையோட வந்துருவாங்கவே" என்றார். வாயால் சொன்னால் சேனல் மாற்றும் டிவியைப் பற்றி ரிட்டயர்டு ஆன ஒரு சார்: "வீட்டுல நான் சொல்லிக் கேக்கது இது ஒண்ணுதான்." இன்றைய கருவிகளைப் பற்றி இதற்கு மேல் யாரும் எழுதிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இவர்கள் எல்லோரும் காலையிலும் சாயங்காலமும் வருகிறவர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் சந்தில் வெயிலும் நானும் மட்டும்தான் இருப்போம். வெயிலாவது அவ்வப்போது இடம் மாறும்.

வீட்டுக்குப் போனால் ஆளுக்குப் பஞ்சமில்லை. என் மனைவி பெயர் கோமதி. (எங்கள் ஊர்த் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஆறு வீட்டுக் கதவு திறக்கும்.) அவளுக்கு நான்கு அண்ணன்கள், எண்ணி முடியாத அத்தைகள், சித்திகள். என் கதை வேறு. அப்பாவும் அம்மாவும் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்தவர்கள். இரண்டு பக்கமும் தலைமுழுகிவிட்டது. அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, என் பக்கம் என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். கோமதி வீட்டார் என்னை ஒரு குறையும் வைக்காமல் நடத்தினார்கள். விருந்தாளியைக் குறை வைக்காமல் நடத்துவார்களே, அப்படி.

ஒரு மத்தியானம், சரிபார்த்த போன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டை ஏற்றினேன். நான்கு பேர் ஓர் அணி. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். அந்தத் தீவில் அத்தனை வீடு கட்டிப் போட்டிருக்கிறார்கள், எல்லாக் கதவும் திறந்தே கிடக்கிறது, 'வாங்க' என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. அடுப்படியில் கைக்குண்டு கிடக்கும், ஒரு செம்புத் தண்ணீர் இருக்காது. போன முதல் நாளே சொந்த ஊர் மாதிரி இருந்தது.

எனக்கு நான் வைத்துக்கொண்ட பெயர் 'டெம்பர் கிளாஸ்'. விழுந்த முதல் அடியிலேயே நொறுங்குகிறவன் என்பதால் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. அணியில் சேருகிறவர்கள் எனக்குப் புரியாத பாஷையில் என்னைத் திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் ஒரு பாலத்தடியில் குண்டடிபட்டு நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது இயர்போனில் ஒரு குசுகுசுப்பு.

"படபடங்காதியும் வே. மூச்ச விட்டுட்டுக் கெடயும். வாரேன்."

சுற்றிலும் குண்டு பறக்க, ஓர் உருவம் ஓடி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டு ஊசி போட்டது. தலைக்கு மேல் பெயர்: 'ராயகிரி ராக்கெட்'. நான் விழுந்தால் ஓடி வந்து தூக்கியவர்கள் அதுவரை உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் சுவரில் படமாகிவிட்டவர்கள். 'ரொம்ப நன்றி' என்று இரண்டு தரம் சொன்னேன். (விளையாட்டில்தான். தெரியும். இருந்தாலும் சொன்னேன்.)

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ராக்கெட்டும் நானும். மணி ஒன்றே முக்காலுக்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன். தன்னைப் பற்றி ஊரைத் தவிர வேறெதுவும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எப்போதும் குசுகுசுவென்றுதான் பேசுவார். எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற தந்திரம் என்று நினைத்தேன். குசுகுசுப்புக்கு வயது கிடையாது. இருபத்தைந்து இருக்கும் என்று நானே முடிவுகட்டி, "ஏலே ராக்கெட்டு, ஓடுல மூதி, பின்னால வாரான்!" என்றெல்லாம் பாசமாகக் கத்துவேன். ஒரு தரம்கூட அவர் கோபப்பட்டதில்லை.

இதற்கிடையே புளியங்குடி ரோட்டில் இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்தோம். பால்காய்ப்புக்கு நாள் குறித்தாயிற்று. பெரிய மச்சான் ஒரு நோட்டோடு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலைக் கணக்கு.

"எங்க பக்கம் நூத்தி எம்பது இலை" என்று எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "மாப்ளே, ஒங்க பக்கம் எத்தன இலை?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று மச்சானுக்கே உறைத்தது. கோமதி தரையைப் பார்த்தாள். அவளுடைய சின்ன அத்தை என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையில் இரக்கம் சொட்டியது. எனக்கு வசவு தாங்கும், இரக்கம் தாங்காது.

"பத்து" என்றேன்.

"பத்தா?"

"பத்து. முன்னப் பின்ன ஆகும்." (முன்னே ஆக வழியே இல்லை.)

அந்தப் பத்து இலைக்கு ஆள் பிடிக்க யோசித்தேன். டீக்கடைக்காரர், பக்கத்துக் கடை டெய்லர், சிம் கார்டு போடும் ஏஜென்ட், எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வழியில் கோமதிக்குச் சொந்தமாகி, அந்த நூற்று எண்பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கோமதிக்குச் சொந்தமில்லாத ஆள் எனக்கு உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் ஒரு புதருக்குள் இருவரும் படுத்திருந்தபோது விஷயத்தை எடுத்தேன். "ஏலே ராக்கெட்டு, வீடு பால்காய்ப்பு. நீ கட்டாயம் வரணும்."

ராக்கெட் ஒரு தரம் இருமினார். பிறகு குசுகுசுப்பு: "விசேசத்துக்கு இப்படிப் பொதருக்குள்ள படுத்துக்கிட்டா கூப்பிடுவாக? நேர்ல வந்து பத்திரிக வைக்கணும்வே."

சொன்னவர் என்னவோ தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். இந்தக் காலத்தில் எந்தக் கிறுக்கன் வந்துவிடப் போகிறான் என்ற தைரியம். எனக்கோ அது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் போனில் சொன்னால் அழைப்பே கிடையாது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு வாசல் ஏறிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "எங்க பக்கத்து ஆளுகளுக்குப் பத்திரிக வச்சுட்டு வாரேன்" என்று கோமதியிடம் கம்பீரமாகச் சொல்லிவிட்டு, மஞ்சள் பையில் எவர்சில்வர் தட்டு, ஒரு சீப்புப் பழத்தோடு பஸ் ஏறினேன். "நானும் வாரேன்" என்றாள். "வெயிலு" என்று தடுத்துவிட்டேன். வெயில் இல்லாத நாள் எங்கள் ஊரில் எது என்று அவள் கேட்கவில்லை.

ராயகிரியில் இறங்கி டீக்கடையில் கேட்டேன்: "அண்ணாச்சி, இங்கன ராக்கெட்டு வீடு எது?"

"வேட்டுக்கடையா? அதுக்கு நீரு சிவகாசி போவணும்."

என்னிடம் இருந்த துப்பு, இயர்போனில் கேட்டவைதான். மோட்டார் கொஞ்சம் ஓடிச் சட்டென்று நின்றுபோகும் சத்தம், மயில் அகவல், அப்புறம் செங்கல் சூளைப் புகை வருகிறது என்று ராக்கெட் அடிக்கடி இருமுவது. இதைச் சொன்னதும் டீக்கடைக்காரர் யோசித்தார். "சூள பக்கத்து மோட்டார் ரூமா? அது வேலுச்சாமி அண்ணாச்சி வாழத் தோட்டம்லா. அங்க எளவட்டம் யாரும் இல்லியே. ஒரே மவன், அவனும் கோயம்புத்தூர் போயி ரெண்டு வருசமாச்சு. நீரு எதுக்கும் வீட்டுல கேட்டுப் பாரும்."

தோட்டத்தில் வேலை பார்க்கும் பையனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெரிய வீடு. முன்னறை நாற்காலியில் அறுபதை நெருங்கிய ஒருவர், நரைத்த பெரிய மீசை, தோளில் துண்டு. எதிரே தெருக்காரர் ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எந்நேரமும் செல்லுல கேமு அண்ணாச்சி. சோறுகூடத் திங்க மாட்டேங்கான்" என்று தெருக்காரர் மகனைப் பற்றி அழுதார்.

"கல்லுல போட்டு ஒடைக்கணும்வே!" மீசைக்காரரின் குரல் வீட்டையே அதிரவைத்தது. "நான் எம் மவன் செல்ல ஒடச்சேம்லா? தொவைக்கிற கல்லுல, ஒரே அடி. அதுக்குன்னு படபடங்காதியும். மூச்ச விட்டுட்டு…"

எனக்குக் காது விடைத்தது. குரலைப் பாதியாக, அதில் பாதியாக, அதிலும் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். ராக்கெட்!

நாகரிகம் தெரிந்தவன் அந்த இடத்தில் திரும்பி நடந்திருப்பான். நான் தட்டை எடுத்து, பழத்தை அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அண்ணாச்சி, நாந்தான் டெம்பர் கிளாஸ்."

அவர் முகத்தில் மீசையைத் தவிர மற்றதெல்லாம் வெளுத்தது. "யாரு? கண்ணாடிக் கடையா? நாம ஆர்டர் ஒண்ணும் குடுக்கலியே."

அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். (இந்த இடத்தை எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.) தெளிவாக விளக்கினேன். "என்ன அண்ணாச்சி, நேத்து மத்தியானம்கூட ஆத்துப் பாலத்துக்கு அடியில ஒம்பது பேரைக் கொன்னீங்களே!"

அடுப்படியிலிருந்து ஓர் அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். அவர் மனைவி சண்முகத்தாய். "யாரக் கொன்னாரு?"

"ஒம்பது பேரு மதினி. சுட்டுட்டு, அப்புறம் எனக்கு ஊசி போட்டாரு."

தெருக்காரர் ஓசைப்படாமல் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"நேத்து மத்தியானமா?" சண்முகத்தாய் கணவர் பக்கம் திரும்பினார். "நேத்து மத்தியானம் வாழைக்குத் தண்ணி பாய்ச்சுதேன்னுல்லா போனிய?"

"ஆமா மதினி, மோட்டார் ரூம்ல இருந்துதான் வெளையாடுவாரு. தெனமும்." அந்த 'தெனமும்' தேவையே இல்லை. ஆனால் வாயில் வந்துவிட்டது. மூன்று மாதமாகத் தினமும் ஒன்றாகச் செத்தவர்கள் நாங்கள், அதை யாரிடமாவது பெருமையாகச் சொல்ல எனக்கு அதுவரை ஆள் வாய்க்கவில்லை.

சண்முகத்தாய்க்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. வாடிய வாழை புரிந்தது. மோட்டார் ரூமுக்குப் புதிதாகப் போட்ட பூட்டு புரிந்தது. கரண்டி மெல்ல இறங்கியது.

"இதே வெளையாட்டுக்குத்தான எம் புள்ள செல்ல ஒடச்சிய?" கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "ரெண்டு வருசமா அவன் இந்த நடைய மிதிக்கலியே. நீங்க அங்கன ஒளிஞ்சு ஒக்காந்து வெளையாடுதியளா?"

வேலுச்சாமி அண்ணாச்சி என் தட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாமி சத்தியமாச் சொல்லுதேன், இந்த ஆள நான் என் வாழ்நாள்ல பாத்ததே இல்ல" என்றார்.

உண்மைதான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. பத்திரிகையை மட்டும் வாசல் திண்டில் வைத்துவிட்டு, தட்டோடு இறங்கினேன். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தீவு வீடுகளே பரவாயில்லை என்று தோன்றியது. பத்திரிகை வைக்கப் போன தட்டுப் பழத்தைத் திரும்பும் பஸ்ஸில் தானே தின்று தீர்த்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (ஆறு பழம். துக்கத்தில் பசிக்கும் உடம்பு எனக்கு.)

"எல்லாருக்கும் வச்சாச்சா?" என்று கோமதி கேட்டாள். "வச்சாச்சு" என்றேன்.

மறுநாள் மத்தியானம் ராக்கெட் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பச்சைப் புள்ளி சாம்பலாகவே கிடந்தது. தனியாகக் குதித்துப் பார்த்தேன். பாலத்தடியில் அடிபட்டுத் தவழ்ந்தேன். ஊசி போட யாரும் வரவில்லை.

பால்காய்ப்பு அன்று விடியற்காலையில் பால் பொங்கியது. கோமதி பக்கம் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். மத்தியானம் பந்தி. பெரிய மச்சான் சொன்ன சொல் தவறாதவர். ஒரு வரிசையில் முதல் பத்து இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, "இது மாப்ள பக்கம், யாரும் ஒக்காராதிய" என்று காவலுக்கே நின்றார். மற்ற இலைகள் நிரம்பின. பாயசம்வரை வந்துவிட்டது. அந்தப் பத்து இலையில் தண்ணீர் காய்ந்து, ஓரம் சுருண்டது. வாசலைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக நின்றேன். "பஸ்ஸு கெடச்சிருக்காது" என்றார் சின்ன அத்தை. மறுபடி அதே பார்வை.

போய்ப் பத்தாவது இலையில் நானே உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. சண்முகத்தாய் இறங்கினார். தனியாக. ஆட்டோவிலிருந்து ஒரு வாழைத்தாரை இழுத்துப் போட்டார்.

"தண்ணியில்லாம காஞ்ச தாரு. ஒம்மாலயும் அவராலயும்தான். எடுத்து உள்ள வையும்."

கோமதி என் காதருகே, "யாருங்க இவுக?" என்றாள்.

"எங்க பக்கம்" என்றேன்.

பத்து இலையில் முதல் இலைக்கு முன் அவர் உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். "அண்ணாச்சி வரலியா மதினி?"

"வர அவருக்கு மூஞ்சி வேணும்லா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீரு போன அன்னைக்குத்தான் வாயத் தொறந்தாரு. அதுல தேடுனா மவன் வெளையாடுத பேரு வருமாம். பச்சைப் புள்ளி எரிஞ்சா அவன் நல்லாருக்கான்னு அர்த்தமாம். அதப் பாக்கத்தான் போனாராம். பாத்துட்டே சும்மா இருக்க முடியாம வெளையாட ஆரம்பிச்சாராம். அவனக் கூப்பிட மட்டும் பயம்."

ஒரு வாய் சாப்பிட்டார். "அவர ஏலேன்னு கூப்பிட ஊர்ல ஆளே கெடயாது. நீரு ஒருத்தருதான் கூப்பிட்டீராம். அது அவருக்குப் புடிச்சிருந்துச்சாம்."

நான் அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன்.

"மவனுக்குப் போன் போட்டு ஒங்கப்பா யோக்கியதையக் கேளுலன்னு எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சான் தம்பி. ரெண்டு வருசத்துக்கப்புறம் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டேன். இப்ப ரெண்டு பேரும் சாயங்காலம் வெளையாடுதாங்க. எடது பக்கம் வா, குண்டு இருக்கா, அம்புட்டுதான் பேச்சு. வேற ஒரு வார்த்த கெடயாது." கை கழுவிவிட்டு இடுப்பிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினார். "எனக்கும் அத ஏத்திக் குடும். அவங்க ரெண்டு பேரும் பேசுதத நானும் கேக்கணும்."

ஏற்றிக் கொடுத்தேன். டெம்பர் கிளாஸும் ஒட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு சில நாள் நாங்கள் நான்கு பேரும் ஓர் அணியாகக் குதித்ததுண்டு. இந்த விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று யாராவது கடையில் வந்து சொன்னால் நான் வாதாடுவதில்லை. ஆனால் சண்முகத்தாய் விளையாடி அவர்கள் பார்த்ததில்லை. இதுவரை ஒரு குண்டு சுட்டதில்லை அவர். ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய் அடுப்படியில் நின்றுகொள்வார். எங்களை நாலா பக்கமும் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் மைக்கில் கேட்பார்: "ஏலே, சாப்பிட்டியா?" மகன், "ம்" என்பான். அதோடு நாங்கள் மூவரும் செத்துப்போவோம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ராக்கெட் இப்போது வருவதில்லை. வாழைக்கு உண்மையாகவே தண்ணீர் பாய்ச்சுகிறார். அந்த நேரத்தில் எங்கள் சந்தில் பழையபடி வெயிலும் நானும்தான்.

கோமதி வீட்டில் இந்தக் கதையைக் கேட்காத குழந்தை கிடையாது. காதுகுத்தோ சடங்கோ, பெரிய மச்சான் நோட்டை விரித்து, "மாப்ளே, ஒங்க பக்கம் எத்தன இலை?" என்றதும் கூடமே சேர்ந்து "பத்து!" என்று கத்தும். நானும் சிரித்துக்கொண்டே "ஒண்ணு" என்பேன். அப்புறம் அண்ணாச்சிக்கு மூஞ்சி வந்துவிட்டதால் "ரெண்டு" ஆனது.

போன வாரம் என் மகள் காதுகுத்துக்குக் கணக்கு எடுத்தார்கள். கேள்வி வந்தது, கத்தல் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் "மூணு" என்றேன்.

"மூணாவது யாரு?" என்றாள் கோமதி.

"கோயம்புத்தூர்ல இருந்து. வாரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல."

பெரிய மச்சான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "அப்ப எழுதவா வேண்டாமா?"

"எழுதுங்க மச்சான்" என்றேன். "இலையப் போட்டு வைப்போம்."